கட்சிக்காரர்களின் ஆவணங்களுக்குப் பாதுகாப்பான மின்னஞ்சலும் கிளவுட் சேமிப்பும் எவை?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் 14 ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் குடும்பநல வழக்குகள்: ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வரும் மனுக்கள். கட்சிக்காரர்கள் அனுப்பும் மருத்துவச் சான்றுகள், காயங்களின் புகைப்படங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், கணவர் மிரட்டிப் பேசிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் இத்தனை காலமும் ஒரு பெரிய நிறுவனத்தின் இலவச மின்னஞ்சலிலும் அதனுடன் இணைந்த கிளவுட் சேமிப்பிலும்தான் வைத்திருந்தேன். எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

கடந்த மாதம் ஒரு வாய்தா நாளன்று காலை எட்டரை மணிக்கு, பிரமாணப் பத்திரத்தை எடுப்பதற்காகக் கணக்கைத் திறந்தபோது, விதிமீறலின் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று ஒற்றை வரியில் ஓர் அறிவிப்பு இருந்தது. எந்த விதி, எந்தக் கோப்பு என்று எதுவும் சொல்லப்படவில்லை. முறையிடுவதற்கு ஒரு படிவம் இருந்ததே தவிர, பேசுவதற்கு ஒரு மனிதர்கூட இல்லை. முந்தைய நாள் மாலையே என் ஜூனியர் ஒரு பிரதி அச்செடுத்து வைத்திருந்ததால் அந்த வழக்கு தப்பியது. ஆறு நாட்களுக்குப் பிறகு, காரணம் எதுவும் சொல்லாமலேயே கணக்கைத் திறந்துவிட்டார்கள்.

கணக்கு முடங்கியதைவிட வேறொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கட்சிக்காரர் வழக்கறிஞரை நம்பிச் சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது என்று பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆவது பிரிவு என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. அப்படியிருக்க, ஒரு பெண் தன் தாயிடம்கூடக் காட்டாத படங்களை யாரென்றே தெரியாத ஓர் இயந்திரம் பார்க்கக்கூடிய இடத்தில் நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

மின்னஞ்சலையும் சேமிப்பையும் வேறு இடத்துக்கு மாற்ற விரும்புகிறேன். மொத்தம் ஏறக்குறைய 40 ஜிபி இருக்கும். மாதம் சில நூறு ரூபாய் செலவழிக்கத் தயாராக இருக்கிறேன். நீதிமன்றத்தின் இ-ஃபைலிங் அறிவிப்புகள் தவறாமல் வந்து சேர வேண்டும். கணினியில் தட்டச்சுக்கு அப்பால் அதிகம் பழகாத என் குமாஸ்தாவும் அதைப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சாவிக்கொத்து எழுதியது:

வணக்கம் மேடம். உங்கள் கவலை நியாயமானது; இதே நிலை பிற இடங்களிலும் நேர்ந்திருக்கிறது. 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவர் தரப்பில் கேட்டதன் பேரில், தன் சிறு மகனுக்கு ஏற்பட்டிருந்த வீக்கத்தைப் படமெடுத்தார். அந்தப் படம் தானாகவே கூகுளின் சேமிப்பில் ஏறியது. குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைக் கண்டறியும் தானியங்கி முறை அதைக் குற்றமாகக் கருதி அவருடைய கணக்கை மூடியது. காவல்துறை விசாரித்து அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று முடிவு செய்த பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. அத்தகைய சோதனைக்கு ஒரு நல்ல நோக்கம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காயங்களின் படங்களைத் தொழில்நிமித்தம் வைத்திருக்க வேண்டிய ஒருவருக்கு அந்த முறையில் இடமே இல்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது? எல்லா நிறுவனங்களும் தங்களிடம் குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டும் முறை, இருப்பதாகத்தான் சொல்கின்றன. பெரும்பாலானவற்றில் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். ஆனால் சாவியும் அவர்களிடமே இருக்கும். அமெரிக்காவில் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவை, தனியுரிமையை நாடியவர்கள் விரும்பிச் சேர்ந்த இடமாக இருந்தது. 2013இல் ஒருவரைப் பற்றிய விசாரணைக்காக, சேவை முழுவதையும் திறக்கும் சாவியையே அரசு கேட்டது. அதன் உரிமையாளர் லடார் லெவிசன், கண்ணுக்கே தெரியாத நுண்ணெழுத்தில் 11 பக்கங்களாக அச்சிட்டு அதைக் கொடுத்தார். நீதிமன்றம் கணினியில் படிக்கக்கூடிய வடிவில்தான் தர வேண்டும் என்று சொல்லி நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாவியைக் கொடுத்த அவர், பிறகு சேவையையே மூடிவிட்டார். நல்ல மனிதர், உறுதியாக நின்றார். ஆனாலும் எல்லோருடைய கடிதங்களுக்கும் ஒரே சாவி என்ற அமைப்பு இருந்ததால், சாவி வைத்திருந்தவரின் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை.

இன்று நான் பரிந்துரைப்பவை இரண்டு: சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில், ஜெர்மனியின் டூட்டா. செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய அறிவியலாளர்கள் 2014இல் தொடங்கிய புரோட்டான், 2024 முதல் ஓர் இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஹனோவர் நகரிலிருந்து இயங்கும் டூட்டா, 2023 வரை டூட்டநோட்டா என்ற பெயரில் இருந்தது. இரண்டிலும் உங்கள் சாவி உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருப்பதால், சேமிக்கப்பட்ட கடிதங்களின் உள்ளடக்கத்தை நிறுவனத்தால் படிக்க முடியாது. டூட்டா கடிதத்தின் தலைப்பு வரியையும் மறைக்கிறது. புரோட்டானில் தலைப்பு வரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அங்கே ‘இன்னாருடைய விவாகரத்து மனு’ என்று தலைப்பிடாமல் வழக்கு எண்ணை மட்டும் எழுதுங்கள்.

இவர்களும் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி, பிரான்சைச் சேர்ந்த காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது அவருடைய இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. 2024இல் வெளிவந்த ஒரு ஸ்பானிய வழக்கில், பயனர் மீட்புக்காகக் கொடுத்திருந்த வேறொரு மின்னஞ்சல் முகவரியைத் தந்தது. அந்த முகவரியே காவல்துறைக்கு வழிகாட்டியாயிற்று. இரண்டிலும் கடிதங்களின் உள்ளடக்கம் கைமாறவில்லை, ஏனென்றால் கொடுப்பதற்கு அவர்களிடம் அது படிக்கும் வடிவில் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தச் சேவைகளின் விளம்பரங்கள் உரக்கச் சொல்லாத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். உங்கள் கட்சிக்காரர் ஜிமெயிலிலிருந்து உங்கள் புரோட்டான் முகவரிக்கு ஒரு படத்தை அனுப்பினால், அது உங்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் உங்கள் சாவியால் பூட்டப்படுகிறது. அவருடைய ‘அனுப்பியவை’ பெட்டியில் அதே படம் அப்படியே கிடக்கும். முனைக்கு முனை குறியாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டுவது, இரு முனைகளிலும் அதே ஏற்பாடு இருக்கும்போதுதான் தானாக நடக்கும். நீங்கள் வெளியாட்களுக்கு எழுதும்போது, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கடிதமாக அனுப்பும் வசதி இரண்டு சேவைகளிலும் இருக்கிறது. பெறுபவர் லிங்க்கைத் திறந்து, நீங்கள் தொலைபேசியில் சொன்ன சொல்லை இட்டுப் படித்து, அதிலேயே பதிலும் எழுதலாம். ஆவணங்களை அந்தப் பதிலில் இணைத்து அனுப்பச் சொல்வதுதான் உங்கள் தொழிலுக்கு மிகவும் ஏற்றது.

இணையத்தறி எழுதியது:

மேலே சொன்ன கடைசிப் பத்தியைத்தான் நான் இந்தக் கேள்விக்கு மையமாகக் கருதுகிறேன். மின்னஞ்சலில் பாதிக் கட்டுப்பாடு எதிர்முனையில் இருக்கிறது. சேமிப்பில் முழுக் கட்டுப்பாடும் உங்களிடம் இருக்கிறது. அதனால் முதலில் 40 ஜிபி ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். மின்னஞ்சல் முகவரியை நிதானமாக மாற்றலாம்.

இதற்காக நிறுவனத்தை மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. கிரிப்டோமேட்டர் என்றொரு மென்பொருள் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது; அதன் மூல நிரல் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. லேப்டாப்பில் நிறுவுவது இலவசம். ஆண்ட்ராய்டு ஆப்புக்கு ஒரு முறை பணம் கட்ட வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் உள்ள கிளவுட் ஃபோல்டருக்குள் அது ஒரு பெட்டகத்தை உருவாக்குகிறது. கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்தால், கணினியில் புதிதாக ஒரு டிரைவ் இருப்பதுபோலத் தோன்றும். உங்கள் குமாஸ்தா அதில் வழக்கம்போல் கோப்பை இழுத்துப் போடலாம், அங்கிருந்தே வேர்டில் திறக்கலாம். பூட்டியதும் அந்த டிரைவ் மறைந்துவிடும். கிளவுட் நிறுவனம் பார்ப்பது பொருளற்ற எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கோப்புகளை மட்டும்தான். எத்தனை கோப்புகள், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எப்போது மாற்றப்பட்டது என்பவை அவர்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பது ஸ்கேன் செய்த சான்றா, குழந்தையின் படமா என்பது தெரியாது. ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பூட்டப்படுவதால், ஒரு மனுவைத் திருத்தினால் 40 ஜிபியும் மறுபடி ஏறாமல் அந்த ஒரு கோப்பு மட்டுமே ஏறும்.

புரோட்டானுக்கு டிரைவ் என்ற சேவையும் உண்டு. அதிலும் சாவி உங்களிடம்தான். கட்டணத் திட்டம் எடுப்பதாக இருந்தால் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கணக்கின் கீழ் வைத்ததுதான் அந்த வாய்தா காலையில் உங்களை முடக்கியது என்பதால், மின்னஞ்சல் ஓரிடத்திலும் ஆவணங்கள் வேறோரிடத்திலும் இருப்பதையே நான் விரும்புவேன்.

நெக்ஸ்ட்கிளவுட் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் நல்ல மென்பொருள் அது. ஃபிராங்க் கார்லிட்செக் தலைமையில் 2016இல் ஓன்கிளவுட் என்ற இதேபோன்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. நான்கு ஆண்டுகளாக என் வீட்டில் அதை ஓட்டுகிறேன். மின்வெட்டுக்கு யூபிஎஸ், வெளியிலிருந்து வீட்டு இணைப்பை எட்டுவதற்கு ஒரு மாற்று வழி, மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஹார்ட் டிஸ்க் பழுதானால் இரவோடு இரவாக மாற்றுவது என்று எல்லாம் என் தலையில்தான் விழுகின்றன. அதில் எனக்கு ஈடுபாடு உண்டு. நீதிமன்றத்துக்கு ஓட வேண்டிய ஒருவரை அதில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துவது அதைவிடக் கடினம்: வீட்டு இணைப்பிலிருந்து கடிதம் அனுப்பும் வழியையே பல இணைய நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கின்றன, அதை மீறி அனுப்பினாலும் எதிர்முனையில் ஸ்பேம் பெட்டிக்குள் விழும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பிரதி உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். பூட்டப்பட்ட பெட்டகத்தை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு முறை நகலெடுத்து, இணைப்பைக் கழற்றி வையுங்கள். கழற்றுவது முக்கியம். சின்க், அதாவது லேப்டாப்பில் உள்ளதைக் கிளவுடில் அப்படியே பிரதிபலிப்பது, பேக்கப் ஆகாது. லேப்டாப்பில் தவறுதலாக ஒரு வழக்குக் கட்டு முழுவதையும் அழித்துவிட்டால், சின்க் அதை அப்படியே பின்பற்றி எல்லா இடங்களிலும் அழித்துவிடும்.

பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மின்னஞ்சலையும் ஆவணங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சென்னை நிறுவனமான ஸோஹோவின் மின்னஞ்சல் போதாதா என்று சக வழக்கறிஞர் ஒருவர் கேட்கிறார். அதோடு, புரோட்டான் மெயில் இந்தியாவில் எப்போது வேண்டுமானாலும் தடை செய்யப்படலாம் என்றும் சொல்கிறார். இ-ஃபைலிங்கில் ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு, பிறகு அது திறக்காமல் போனால் நான் என்ன செய்வேன்?

மேற்குமலை எழுதியது:

சகோதரி, உங்கள் நண்பர் சொல்வது வெறும் வதந்தி அல்ல. 2024 பிப்ரவரியில் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. பெற்றோர் அலறியடித்துக்கொண்டு பள்ளி வாசல்களுக்கு ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். அவை புரோட்டான் வழியாக அனுப்பப்பட்டதால், தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையின் பேரில் அந்தச் சேவையைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் முடக்குவது பற்றி ஒன்றிய அரசு ஆலோசித்தது. சுவிஸ் அதிகாரிகள் இந்திய அரசுடன் தொடர்பு கொண்டனர். அப்போது தடை வரவில்லை. பின்னர் 2025 ஏப்ரலில், ஒரு நிறுவனத்தின் பெண் ஊழியர்களை இழிவுபடுத்தி அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் தொடர்பான வழக்கில், புரோட்டானை முடக்குவதற்கான நடவடிக்கையைத் தொடங்குமாறு கர்நாடக உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஆகவே அந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஆபத்துக்கு மாற்று, சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரை உங்களுடையதாகவே வைத்துக்கொள்வது. நிறுவனத்தின் பெயரில் முடியும் முகவரியை வைத்திருப்பது வாடகை வீட்டு விலாசத்தை விசிட்டிங் கார்டில் அடிப்பதைப் போன்றது. டாட் இன் என்று முடியும் ஒரு பெயரை உங்கள் அலுவலகத்துக்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை எந்த நிறுவனத்தின் சர்வரில் சேர்க்க வேண்டும் என்பதை எம்எக்ஸ் என்ற ஒரு பதிவு சொல்கிறது. இன்று அது புரோட்டானைக் காட்டலாம். நாளை அந்த வழி அடைபட்டால் வேறொரு நிறுவனத்தைக் காட்டும்படி அரை மணி நேர வேலையில் மாற்றிவிடலாம், ஒரு நாளுக்குள் கடிதங்கள் புதிய இடத்துக்கு வரத் தொடங்கும். நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் கட்சிக்காரர்களுக்கும் நீங்கள் கொடுத்த முகவரி மாறவே மாறாது. கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் கூடவே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அனுப்பும் கடிதங்களைப் பெறுபவரின் சர்வர் சந்தேகிக்கும். புரோட்டானிலும் டூட்டாவிலும் சொந்த டொமைன் சேர்க்கக் கட்டணத் திட்டம் வேண்டும். கட்டணத்தைக் கார்டில் கட்டுவதானால், முன்கூட்டியே உங்கள் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள்.

டொமைனைப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்தப் பெயர் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால், உங்களுக்கு வர வேண்டிய கடிதங்கள் அவருக்குப் போகும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

ஸோஹோவைப் பற்றி: நல்ல சேவை, விளம்பரம் காட்டுவதில்லை, நம்மூர் நிறுவனம், தமிழில் பேசி உதவி பெறலாம் என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது அதில் சாவி நிறுவனத்திடம்தான் இருக்கும். விளம்பரத்துக்காகத் தன் கடிதங்களைத் துழாவ வேண்டாம் என்பது மட்டுமே ஒருவருடைய தேவையானால் அது தாராளமாகப் போதும். உங்கள் தேவை அதைவிடக் கூடுதலானது. ஒரு வேளை ஆவணங்கள் எல்லாம் கிரிப்டோமேட்டருக்குள் போய்விட்டு, மின்னஞ்சலில் வாய்தா தேதியும் இ-ஃபைலிங் அறிவிப்பும் மட்டுமே மிஞ்சினால், சொந்த டொமைனுடன் ஸோஹோவை வைத்துக்கொள்வதும் தவறாகாது.

சாவிக்கொத்து எழுதியது:

மேற்குமலை சொன்ன கடைசி யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. ஆவணம் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், அழுதுகொண்டே இரவு 11 மணிக்குப் படத்தை இணைத்து அனுப்பும் கட்சிக்காரரை யாரும் தடுக்க முடியாது. வந்து சேரும் பெட்டியாவது பூட்டுள்ளதாக இருக்கட்டும்.

சாவி உங்களிடம் இருப்பதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் யாரிடமும் போய் நிற்க முடியாது. புரோட்டானில் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றிக் கணக்கைத் திரும்பப் பெற்றாலும், மீட்புச் சொற்றொடர் போன்ற ஏற்பாடு இல்லையென்றால் பழைய கடிதங்கள் பூட்டியபடியே கிடக்கும். அந்தச் சொற்றொடர் 12 ஆங்கிலச் சொற்களால் ஆனது. அதைக் காகிதத்தில் கையால் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். போனில் படமெடுத்து வைக்காதீர்கள், அந்தப் படம் தானாகவே பழைய கிளவுடில் ஏறிவிடும். எழுதிய பிறகு, வேறொரு கணினியில் அந்தச் சொற்களைக் கொண்டு உண்மையிலேயே திறக்க முடிகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நான் சோதித்தபோது ஒரு சொல்லில் ஓர் எழுத்தைத் தவறாக எழுதியிருந்தது தெரிந்தது.

பொருநைக்கரை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். டொமைனை ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவு செய்துவிட்டேன். மின்னஞ்சல் இப்போது புரோட்டானில் இருக்கிறது. எம்எக்ஸ் பதிவை மாற்ற ஜூனியரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். மாலைக்குள் முதல் கடிதம் வந்துவிட்டது. பழைய கணக்கை மூடவில்லை. வங்கி, வருமான வரி, இ-ஃபைலிங் மூன்றிலும் முகவரி மாறியதை ஒவ்வொன்றாக உறுதி செய்யும்வரை அது இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஆவணங்களை ஒரேயடியாக மாற்றவில்லை. நடப்பில் உள்ள 62 வழக்குகளின் கட்டுகளை மட்டும் முதலில் கிரிப்டோமேட்டரில் ஏற்றி, முடிந்த வழக்குகளைப் பூட்டிய ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பினேன். அப்படிப் பிரிக்கும்போதுதான், ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சமரசமாகி முடிந்த வழக்கின் படங்கள்கூட என் கணக்கில் கிடந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். இனி எங்கேயும் வேண்டாம், அழித்துவிடுங்கள் அம்மா என்றார். அழித்துவிட்டு, குப்பைத் தொட்டி ஃபோல்டரையும் காலி செய்தேன்.

குமாஸ்தா அண்ணன் முதல் இரண்டு நாட்கள் பெட்டகத்தைப் பூட்டாமலேயே வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது மாலை ஆறரைக்கு அலுவலகக் கதவைச் சாத்துவதற்கு முன், அந்த டிரைவ் திரையிலிருந்து மறைந்ததை என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார். மீட்புச் சொற்களைச் சோதித்தேன். 12 சொற்களும் சரியாக இருந்தன.